விழாவுக்குப் பியானோ கலைஞரை அமர்த்துவது எப்படி?

திருமணமோ வரவேற்போ அலுவலக விருந்தோ, பியானோ வாசிக்க ஒருவரைக் கூப்பிடலாம் என்று முடிவானதும் முதலில் வாயில் வருவது "எவ்வளவு வாங்குவீங்க?" என்ற கேள்விதான். அதற்கு எந்தக் கலைஞராலும் உடனே பதில் சொல்ல முடியாது. எந்த நாள், எந்த இடம், எத்தனை மணி நேரம், அங்கே பியானோ இருக்கிறதா, அவரே கொண்டுவர வேண்டுமா, குறிப்பிட்ட பாட்டுகள் உண்டா, யாராவது பாடப்போகிறார்களா என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் தொகை என்ற பேச்சே வரும். இந்த விவரங்களை உங்களுக்குள் முதலில் தெளிவாக்கிக்கொண்டு போனால் பேரமும் எளிது, ஏமாற்றமும் குறைவு. புதிதாக இதில் இறங்குபவர்கள் வரிசையாக என்ன செய்ய வேண்டும் என்பதை, விழாக்களில் வாசித்துப் பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எந்த வேளைக்கு இசை வேண்டும்?

விழாவைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். விருந்தினர் வந்து உட்காரும் நேரம், மணமக்கள் நடந்து வரும் நேரம், சடங்கு நடக்கும் நேரம், புகைப்படம் எடுக்கும் இடைவெளி, சாப்பாட்டு நேரம், அதற்குப் பிறகு ஆட்டம் பாட்டம். இவை எல்லாவற்றுக்கும் பியானோ தேவையில்லை. எதற்குத் தேவை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் வேளைக்கு வேளை வேலை வேறு.

விருந்து நேரத்தில் வாசிப்பவர் பேச்சுக்குக் கீழே இசையை ஓடவிட வேண்டும். எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா என்பதுதான் அளவுகோல். பாடகருக்குத் துணையாக வாசிப்பவர், பாடுபவர் மூச்சு எடுக்கும் இடத்தில் காத்திருந்து, அவர் தவறி ஓர் அடி முன்னே போனால் தானும் கூடவே தாவத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இது தனித்திறமை, தனியாக அருமையாக வாசிக்கும் எல்லாருக்கும் வருவதில்லை.

சடங்கு நேரம்தான் இருப்பதிலேயே கடினம். மணப்பெண் வாசலில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைகாட்டல் வந்ததும் இசை தொடங்குகிறது. நாலு எட்டு வைத்ததும் உடையின் ஓரம் எதிலோ மாட்டுகிறது, தோழி குனிந்து எடுத்துவிடுகிறார். இருபது விநாடி போகிறது. வாசிப்பவர் அதைக் கண்டுகொண்டு, வாசித்துக்கொண்டிருந்த வரியையே இன்னொரு முறை சுற்றுகிறார். மணப்பெண் மேடையை நெருங்கும்போது வேகத்தை மெல்லக் குறைத்து, அவர் நின்ற கணத்தில் பாட்டின் ஆதாரச் சுரத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார். பார்த்துக்கொண்டிருந்த யாருக்கும் நடுவில் ஒரு வரி கூடுதலாக வந்தது தெரியாது. கட்டைகளை விட்டுக் கண்ணை எடுத்து ஆட்களைப் பார்த்து வாசிக்கத் தெரிந்தவரைத்தான் நீங்கள் தேட வேண்டும். பெரிய மேடைகளில் கச்சேரி செய்தவர் என்பதாலேயே இது வந்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

தேடுவதும் கேட்டுப் பார்ப்பதும்

இணையத்தில் தேடினால் பெயர்கள் கொட்டும். அதைவிட நல்ல வழி, விழா நடக்கும் இடத்தின் மேலாளரையும் புகைப்படக்காரரையும் சவுண்ட் அமைப்பவரையும் கேட்பது. வாரா வாரம் பல கலைஞர்களைப் பக்கத்தில் நின்று பார்ப்பவர்கள் அவர்கள். யார் நேரத்துக்கு வருகிறார், யார் கடைசி நேரத்தில் கேபிள் தேடுகிறார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. இசைப்பள்ளி ஆசிரியர்கள் இன்னொரு வழி. அவர்களிடம் கேட்கும்போது "விழாக்களில் வாசித்தவர் வேண்டும்" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

கூடிய சீக்கிரம் தேடத் தொடங்குங்கள். நாள் குறித்ததுமே பேசிவிடுவது நல்லது. எல்லாரும் விரும்பும் விடுமுறை நாளாக இருந்தால் நல்ல கலைஞர்கள் பல மாதம் முன்பே நிறைந்துவிடுவார்கள்.

மாதிரிக்காக வீடியோ அனுப்புவார்கள். வெட்டி ஒட்டி, இசையைத் தனியாகப் பதிவு செய்து சேர்த்த ஒரு நிமிட வீடியோவை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. உண்மையான விழா ஒன்றில், வெட்டாமல் எடுத்த பத்து நிமிடப் பதிவு கேளுங்கள். அதில் ஆட்கள் பேசுவதும் நாற்காலி இழுபடுவதும் கேட்க வேண்டும். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவர் எப்படி வாசிக்கிறார், ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகிறார், நடுவே எவ்வளவு நேரம் மௌனம் விழுகிறது என்று கவனியுங்கள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அரை நிமிடம் தாளைப் புரட்டிக்கொண்டிருப்பவரை விருந்துக்கு அமர்த்த வேண்டாம்.

பேசும்போது இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள். "மணமக்கள் நடந்து வருவது நினைத்ததைவிட நீண்டுபோனால் என்ன செய்வீர்கள்?" என்பது ஒன்று. அனுபவமுள்ளவர் உடனே விவரமாகப் பதில் சொல்வார். "பார்த்து வாசிப்பீர்களா, கேட்டு வாசிப்பீர்களா?" என்பது மற்றது. இசைக்குறிப்பு இருந்தால்தான் வாசிப்பவர் என்றால் உங்கள் பாட்டுகளுக்குக் குறிப்பு கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். காதால் கேட்டுப் பிடிப்பவர் என்றால் பட்டியலை ஒலிப்பதிவாக அனுப்பினால் போதும். இரண்டும் தெரிந்தவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

கலைஞர் உங்களிடம் திருப்பிக் கேள்வி கேட்கிறாரா என்பதையும் பாருங்கள். என்னைப் பொறுத்தவரை அதுதான் சரியான அடையாளம். கதவிலிருந்து மேடைக்கு எவ்வளவு தூரம், யார் கைகாட்டுவார், மின்சாரம் எங்கிருந்து வரும் என்று எதையுமே கேட்காமல் "எல்லாம் பார்த்துக்கலாம்" என்பவரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

எந்தப் பியானோ?

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. மரப் பியானோ, டிஜிட்டல் பியானோ, சாதாரண கீபோர்டு மூன்றும் வேறு வேறு. மரப் பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே சுத்தியல் போய்க் கம்பியைத் தட்டும். இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகள், எல்லாம் டன் கணக்கில் இழுவிசையோடு கட்டப்பட்டவை. அதனால்தான் அந்த எடை. சுவரோரமாக நிற்கும் வகையே ஏறத்தாழ 200 முதல் 300 கிலோ வரும். கச்சேரி மேடைகளில் வைக்கும் பெரிய கிராண்ட் பியானோ 500 கிலோவை நெருங்கும். டிஜிட்டல் மேடைப் பியானோவை ஒருவரே தூக்கிவந்துவிடலாம். பெரும்பாலும் 10 முதல் 25 கிலோவுக்குள் இருக்கும். அதிலும் 88 கட்டைகள் உண்டு, அழுத்தினால் மரப் பியானோ போலவே கனம் தெரியும். 61 கட்டை கீபோர்டு வேறு சாதனம். அதில் பெரும்பாலும் அந்தக் கனம் இருக்காது, பியானோவின் மேல் கோடியும் கீழ்க் கோடியும் கிடையாது. "பியானோ கொண்டுவருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் எத்தனை கட்டை, கனமுள்ள கட்டையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

விழா நடக்கும் இடத்திலேயே மரப் பியானோ இருந்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அழகுக்காக வைத்த பியானோக்கள் பல வருடக்கணக்கில் சுருதி சேர்க்கப்படாமல் கிடக்கும். நேரில் போங்கள். மூடியைத் திறந்து இடது கோடியிலிருந்து வலது கோடிவரை 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். அழுத்தியது மேலே வராமல் ஒட்டிக்கொள்கிறதா, சத்தமே வராத கட்டை உண்டா, ஒரே கட்டையில் இரண்டு மூன்று சுருதி கலந்து அழுகிறதா என்று பாருங்கள். வலது பெடலை மிதித்துப் பிடித்தபடி ஒரு கட்டையைத் தட்டிக் கையை எடுத்துவிடுங்கள். ஒலி நீண்டு நிற்க வேண்டும், பெடலை விட்டதும் அடங்க வேண்டும். இதையெல்லாம் போனில் வீடியோ எடுத்துக் கலைஞருக்கு அனுப்புங்கள். வாசிக்கலாமா வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும்.

வாசிக்கலாம் என்றாலும் சுருதி சேர்க்க ஆள் வைத்தாக வேண்டும். வேறிடத்திலிருந்து வாடகைக்குக் கொண்டுவந்த பியானோ என்றால் இது இன்னும் முக்கியம். மரப்பலகை காற்றின் ஈரத்துக்கு ஊதும், வறட்சிக்குச் சுருங்கும், கம்பிகளின் சுருதி கூடவே நகரும். ஆகவே பியானோவை அதன் இடத்தில் நிறுத்தி, ஏசியும் விளக்குகளும் விழா நேரத்தில் இருப்பது போலவே ஓடும் நிலையில், அன்றே சுருதி சேர்ப்பதுதான் சரி. அதற்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் அமைதி தேவை. மேடை அலங்காரக்காரர்கள் ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போது யாராலும் சுருதி சேர்க்க முடியாது. இரண்டு பேருக்கும் தனித்தனி நேரம் ஒதுக்குங்கள். வயலினோ புல்லாங்குழலோ சேர்ந்து வாசிக்கப்போகிறார்கள் என்றால், சுருதி சேர்ப்பவரிடம் 440 ஹெர்ட்ஸ் என்ற வழக்கமான அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள்.

திறந்தவெளி விழாவுக்கு நான் டிஜிட்டலைத்தான் சொல்வேன். நேர் வெயிலில் மரப் பியானோவை நிறுத்துவது அந்தக் கருவிக்குச் செய்யும் கொடுமை. டிஜிட்டலுக்கும் தலைக்குமேல் கூரை வேண்டும். வெயிலில் டேப்லெட் சூடேறி அணைந்துபோகும், இசைக்குறிப்பு அதில்தான் இருக்கும். தாளில் வைத்திருப்பவருக்குக் காற்று எதிரி. துணி கிளிப்புகள் நாலைந்து இருந்தால் பிழைத்தார்.

டிஜிட்டல் என்றால் மின்சாரமும் ஸ்பீக்கரும் யார் பொறுப்பு என்று முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். சின்ன அறைக்குக் கலைஞரே ஒரு ஸ்பீக்கர் கொண்டுவருவார். நூற்றுக்கணக்கானோர் கூடும் இடம் என்றால் சவுண்ட்காரரின் அமைப்போடு இணைக்க வேண்டும். அதற்கு டி.ஐ. பாக்ஸ் என்ற சிறு பெட்டி தேவை. அது இல்லாமல் சாதாரண கேபிளை நீளமாக இழுத்தால் "ம்ம்ம்" என்ற இரைச்சல் சேர்ந்துகொள்ளும். அலங்கார விளக்குகள் ஓடும் இணைப்பிலேயே பியானோவையும் செருகினாலும் இதே தொல்லை. அதனால் தனி பிளக் பாயிண்ட் கேளுங்கள். கலைஞரின் போன் எண்ணையும் சவுண்ட்காரரின் எண்ணையும் ஒருவருக்கொருவர் கொடுத்துவிட்டால் மீதியை அவர்களே பேசிக்கொள்வார்கள். நீங்கள் நடுவில் நின்று மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

பாட்டுப் பட்டியல்

ஆசையில் நாற்பது பாட்டு எழுதித் தருபவர்கள் உண்டு. அது வேண்டாம். கட்டாயம் வேண்டியவை ஐந்தாறு, கூடவே கூடாதவை இரண்டு மூன்று, மீதிக்கு "இந்த மாதிரி" என்று ஒரு திசை. இவ்வளவு போதும். கூடவே கூடாதவை என்பதை மறக்காதீர்கள். வீட்டில் ஒருவரின் இறுதிச்சடங்கோடு பிணைந்துபோன பாட்டு ஒன்று இருக்கும். கலைஞருக்கு அது எப்படித் தெரியும்?

பாடிக் கேட்ட பாட்டு பியானோவில் வேறு மாதிரி ஒலிக்கும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப்போகும், அசையும், கமகம் போடும். பியானோவில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே சுருதி. இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒன்றும் இல்லை. அதனால் அசைவுகளால் உயிர்பெறும் பாட்டு பியானோவில் வெறுமையாகத் தோன்றலாம். மெட்டு தெளிவாக, நேராக நடக்கும் பாட்டு அழகாக வரும். சந்தேகமாக இருந்தால் "ஒரு சரணம் வாசித்துப் பதிவு அனுப்புங்கள்" என்று கேளுங்கள். குறிப்பே இல்லாத பாட்டைப் பியானோவுக்கு ஏற்ப அமைக்கக் கலைஞருக்குப் பல மணி நேரம் ஆகும். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் அது நியாயமானதுதான்.

நடந்து வருவதற்கான பாட்டை வேறு கணக்கில் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறுத்த வசதியான பாட்டு வேண்டும். பாக்கல்பெல் என்ற இசையமைப்பாளரின் 'கேனான் இன் டி' உலகம் முழுக்கத் திருமணங்களில் ஒலிப்பதற்கு அதன் இனிமை மட்டும் காரணமில்லை. அதன் அடியில் எட்டே சுரங்கள் கொண்ட ஒரு வரி 28 முறை திரும்பத் திரும்ப வருகிறது. எந்தச் சுற்றின் முடிவிலும் இயல்பாக நிறுத்திவிடலாம், வேண்டுமானால் இன்னும் இரண்டு சுற்றுப் போகலாம். மெண்டல்சோனின் திருமண அணிவகுப்பு இசை வேறு மாதிரி. 1842இல் ஒரு நாடகத்துக்காக எழுதப்பட்ட அது, 1858இல் விக்டோரியா அரசியின் மூத்த மகள் திருமணத்தில் ஒலித்த பிறகு பரவலானது. முழுதாக வாசித்தால் ஐந்து நிமிடம் வரும். மணமக்கள் ஒன்றரை நிமிடத்தில் வெளியே போய்விடுவார்கள். எந்தப் பகுதியை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று கலைஞரோடு முன்பே பேச வேண்டும். வாசலிலிருந்து மேடைவரை நிதானமாக ஒருமுறை நடந்து பார்த்து, போன் கடிகாரத்தில் அளந்து சொல்லுங்கள். அந்த ஒரு எண் கலைஞருக்குப் பெரிய உதவி. வழிபாட்டுத் தலத்தில் சடங்கு என்றால், பட்டியலை அங்குள்ள பொறுப்பாளரிடம் முதலில் காட்டிவிடுங்கள். சில இடங்களில் பக்தி இசை தவிர வேறெதற்கும் அனுமதி இருக்காது.

உறவினர் யாராவது பாடுவதாக இருந்தால் அவருடைய சுருதியைக் கேட்டுச் சொல்லுங்கள். அவர் கட்டைக் கணக்கில் சொல்வார் (இங்கே கட்டை என்பது சுருதியின் அளவு, பியானோவில் அழுத்தும் கட்டை அல்ல), கலைஞர் ஆங்கில எழுத்துக் கணக்கில் கேட்பார். ஒரு கட்டை என்பது சி, இரண்டு டி, மூன்று ஈ, நாலு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. நாலரை என்றால் எஃப் ஷார்ப், ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். சுருதியே தெரியாது என்றால், அந்தப் பாட்டைத் துணையில்லாமல் பாடிப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள், கலைஞர் கண்டுபிடித்துவிடுவார். விழாவுக்கு முன் ஒரே ஒரு ஒத்திகையாவது இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

எழுத்தில் வையுங்கள்

தெரிந்தவர் மூலம் வந்தவர்தானே என்று வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் போதும், ஆனால் எழுத்தில் இருக்கட்டும். நாள், இடத்தின் முழு முகவரி, வர வேண்டிய நேரம், வாசிக்கத் தொடங்கும் நேரம், முடியும் நேரம், மொத்தத் தொகை, முன்பணம், மீதி எப்போது, பயணச் செலவு அதில் சேர்ந்ததா, கருவி யாருடையது, சுருதி சேர்ப்புச் செலவு யாருடையது. இவற்றோடு மூன்று விஷயங்களைக் குறிப்பாகச் சேருங்கள். விழா தாமதமானால் கூடுதல் நேரத்துக்கு என்ன கணக்கு? விழா தள்ளிப்போனாலோ நின்றுபோனாலோ முன்பணம் என்னாகும்? கலைஞருக்கு உடல்நலமில்லாமல் போனால் மாற்று ஆளை யார் ஏற்பாடு செய்வது, அவரை ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுக்க உங்களுக்கு உரிமை உண்டா? கடைசிக் கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை.

இடைவேளையும் பேசிக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரம் வாசித்துக் கால் மணி நேரம் ஓய்வு என்பது பரவலான வழக்கம். நாலு மணி நேரம் தொடர்ந்து வாசிக்கச் சொன்னால் விரலும் சோரும், இசையும் சோரும். அந்தக் கால் மணி நேரத்துக்கு அதே மனநிலையுள்ள பதிவுகளைச் சவுண்ட்காரரிடம் கொடுத்துவைத்தால் அறை திடீரென்று வெறிச்சோடாது. பொது இடத்தில் இசை நிகழ்த்த உரிமம் தேவைப்படும் நாடுகள் பல. பெரும்பாலும் இடத்தை நடத்துபவர் அதை வைத்திருப்பார், ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள். உடை நிறம் பற்றி ஒரு வரி போதும்.

அன்றைய தினம்

கலைஞர் ஒன்றரை மணி நேரம் முன்னதாக வரட்டும். விருந்தினர் வரத் தொடங்குவதற்குள் சவுண்ட் செக் முடிந்திருக்க வேண்டும். காலி அறையில் கேட்பதைவிட ஆட்கள் நிறைந்த அறையில் சத்தம் குறைவாகவே கேட்கும். உடலும் உடையும் ஒலியை உறிஞ்சிவிடும். அதனால் பாதி அறை நிறைந்ததும் யாராவது ஒருவர் பின்வரிசையில் நின்று கேட்டு, கூட்டவோ குறைக்கவோ சொல்லட்டும். கிராண்ட் பியானோ என்றால் மூடியின் உயரமே ஒலியின் அளவு. முழுக்கத் தூக்கி வைப்பது அழகு. விருந்துக்குக் கொஞ்சமாகத் திறந்து வைத்தால் போதும்.

பியானோவை வைக்கும் இடத்திலிருந்து கலைஞருக்கு வாசல் தெரிய வேண்டும். பூ வளைவும் தூணும் மறைத்துக்கொண்டால் அவர் எதைப் பார்த்து வாசிப்பார்? வாசல் கண்ணில் படாத அமைப்பு என்றால் வாசலுக்கும் பியானோவுக்கும் நடுவே ஒருவரை நிறுத்துங்கள். கைகாட்டுவது அவர் ஒருவரின் வேலை மட்டுமாக இருக்கட்டும். மூன்று பேர் கைகாட்டினால் இசை மூன்று முறை தொடங்கும்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. வழவழப்பான தரையில் டிஜிட்டல் பியானோவின் பெடல் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு விரற்கடை முன்னே நகரும். அரை மணி நேரத்தில் கலைஞர் காலை நீட்டித் துழாவிக்கொண்டிருப்பார். பெடலுக்கு அடியில் ஒரு துண்டுக் கம்பளம் போட்டால் தீர்ந்தது. நாற்காலிக்குக் கை இருக்கக் கூடாது, முழங்கை இடிக்கும். உயரம் கூட்டிக் குறைக்கும் பெஞ்சைக் கலைஞரே கொண்டுவருகிறாரா என்று கேட்டுவையுங்கள். விளக்குகளை மங்கலாக்கும் நேரத்தில் குறிப்பைப் படிக்க ஒரு சிறு விளக்கு வேண்டும். பியானோமேல் கண்ணாடிக் கோப்பைகளை யாரும் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அருகே ஒரு சின்ன மேசை போட்டால் அந்தப் பழக்கம் தானாக அங்கே போய்விடும்.

திடீர் விருப்பப்பாட்டு கேட்டு விருந்தினர் வருவார்கள். விருந்து நேரத்தில் அது நல்லதுதான், சடங்கு நேரத்தில் கூடாது. இதைக் கலைஞரிடம் முன்பே சொல்லிவைத்தால் மறுக்கும் சங்கடம் அவருக்கு இருக்காது. சாப்பாட்டு இடைவேளையில் அவரையும் அழைத்துப்போய் உட்காரவைக்க வீட்டில் ஒருவரிடம் பொறுப்புக் கொடுங்கள். கூட்டத்தில் இது எளிதாக விட்டுப்போகும்.

மீதித் தொகையை உறையில் போட்டு, மணமக்கள் அல்லாத வேறொருவரிடம் கொடுத்துவையுங்கள். வாசிப்பு முடிந்த பிறகும் கருவியைப் பிரித்துக் கட்ட அரை மணி நேரம் ஆகும். அதுவரை அந்தப் பக்கத்து விளக்குகளை அணைக்க வேண்டாம், சாமான் ஏற்றும் பின்கதவைப் பூட்ட வேண்டாம் என்று இடத்தின் காவலாளியிடம் சொல்லிவிடுங்கள்.